மீன் தொட்டியில் மூன்று தவளைகள்

மீன் தொட்டியில் தவளை வளர்த்த கதையை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. கேட்கிறவர்கள் பாதியிலேயே சிரித்துவிடுகிறார்கள். தவளையா, அதுவும் வீட்டுக்குள்ளேயா என்று ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்துவிடும், பேச்சை மாற்றிவிடுவேன். எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது. யார் சிரித்தாலும் என் காதில் விழாது.

நான் நெய்வேலியில் பிறந்தவன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். அதே சுரங்கத்தில் நான் பெல்ட் ஒட்டுகிற பிரிவில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். வெட்டிய மண்ணையும் நிலக்கரியையும் மைல் கணக்கில் சுமந்து போகிற ரப்பர் பெல்ட் கிழிந்தாலோ அறுந்தாலோ எங்களைக் கூப்பிடுவார்கள். கிழிசலைச் சுரண்டி, சொல்யூஷன் என்கிற ரப்பர் பசையைத் தடவி, காயவிட்டு, ரப்பர் வைத்து அழுத்தி ஒட்டிவிட்டு வருவோம். நான் போட்ட ஜாயின்ட் பிரிந்ததில்லை என்று செக்‌ஷனில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நானே நாலு இடத்தில் சொல்லிப் பரப்பியவன்தான், மறைக்க என்ன இருக்கிறது.

மனைவிக்குச் சேத்தியாத்தோப்பு. கல்யாணமாகி சுரங்கக் குவார்ட்டர்ஸுக்கு வந்தவள், பிளாக் விட்டுப் பிளாக் மாறினோமே தவிர டவுன்ஷிப்பை விட்டுப் போனதில்லை. ஒரே மகன், பெங்களூரில் வேலை. அவன் ஸ்கூலில் படிக்கும்போது அடம்பிடித்து வாங்கிய மூன்றடி மீன் தொட்டி ஒன்று ஹாலில் இருந்தது. வாங்கிய ஜோரில் ஒரு மாதம் பார்த்தான். அதற்குப் பிறகு அவள்தான் பார்த்தாள். வாரத்துக்கு ஒருநாள் டியூபை வாயில் வைத்து உறிஞ்சித் தண்ணீர் எடுப்பாள், பாசியைத் தேய்ப்பாள், எந்த மீன் சாப்பிடவில்லை என்று எனக்குச் சொல்வாள். நான் ம் கொட்டுவேன்.

போன சித்திரையில் ஒரு மீன் செத்து மிதந்தது. நான் இரண்டாவது ஷிஃப்ட் போய்விட்டு வந்து மறுநாள் காலையில் பார்க்கிறேன், அப்படியே மிதக்கிறது. எடுத்துப் போடக்கூட உனக்கு நேரமில்லையா என்று கேட்டேன். அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அடுத்த வாரம் இரண்டு செத்தன. தண்ணீர் கலங்கி நாற்றமெடுத்தது. நான் திட்டிக்கொண்டே தொட்டியைக் காலி செய்து பின்பக்க வராந்தாவில் கொண்டுபோய் வைத்தேன். உடம்பு சரியில்லாமல் போனது மீனுக்கு இல்லை, அவளுக்கு என்று புரிய எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.

அதற்குள் அவள் படுக்கையோடு படுக்கையாகிவிட்டாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். தூங்குகிறாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தால் கண் திறந்திருக்கும். தலை வாருவதில்லை. சாப்பாடு வைத்தால் இரண்டு வாய், அவ்வளவுதான். மகன் போன் செய்தால் வாங்கிக் காதில் வைத்துக்கொள்வாள், அவனே பேசிவிட்டு வைத்துவிடுவான். ஆஸ்பத்திரியில் ரத்தம், தைராய்டு, தலைக்கு ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். கடைசியில் மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் பொறுமையானவர். இது மனச்சோர்வு, காரணம் இருந்தும் வரும், இல்லாமலும் வரும், மாத்திரை வேலை செய்ய நாளாகும் என்றார்.

காரணம் இல்லாமலும் வரும் என்ற பேச்சு எனக்கு இறங்கவில்லை. பெல்ட் கிழிந்தால் கல் மாட்டியிருக்கும், ரோலர் இறுகியிருக்கும், ஏதோ ஒன்று இருக்கும். தேடினால் கிடைக்கும். ராத்திரியும் பகலும் நான் தேடினேன். நான் என்ன சொன்னேன், எப்போது சொன்னேன், மகன் போனதா, அவள் அம்மா செத்ததா என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். உங்களுக்குள்ள ஏதாவது சண்டையா என்று கேட்கும்போது அவர்கள் கண் என் முகத்தில் எதையோ தேடும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சண்டை போட்டாலாவது அவள் வாயைத் திறந்திருப்பாளே என்று நினைத்துக்கொள்வேன்.

புரட்டாசியில் அவளுடைய அண்ணன் வந்தார். ஊரில் நெல் விவசாயம், வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். தங்கை பக்கத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"காத்தி மாசம் பொறக்கற வரிக்கும் பாருங்க மாப்ள. அப்பயும் இப்டியே படுத்துக்கினு இருந்தான்னா நான் வூட்டுக்கு இட்டுகினு போயிடறன்."

நான் தலையாட்டினேன். கார்த்திகை வரைக்கும் எனக்குக் கெடு. உள்ளே கொதித்தது. என் பெண்டாட்டியை எனக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா? சமைத்தேன், துவைத்தேன், மாத்திரையை எண்ணி எடுத்துக் கையில் வைத்தேன், லீவையெல்லாம் அவளுக்காகவே தீர்த்தேன். இதற்கு மேல் ஒருவன் என்ன செய்வான்? ஆனால் கோபத்துக்கு அடியில் இருந்தது பயம்தான். அவள் போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஷிஃப்ட் முடிந்து வந்து பூட்டைத் திறந்து உள்ளே போகிற வீடு எனக்கு வேண்டாம். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாலும் பரவாயில்லை, அவள் இங்கே படுத்திருக்க வேண்டும்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் சாயங்காலம் பாத்ரூமில் குழாய்க்கு மேலே சுவரில் ஒரு தவளை ஒட்டிக்கொண்டிருந்தது. மண் நிறம், கட்டைவிரல் நீளம், விரல் நுனியெல்லாம் சின்னச் சின்ன உருண்டை. ஊர்ப்பக்கம் தேரை என்பார்கள். மழைக்காலத்தில் எல்லாக் குவார்ட்டர்ஸுக்கும் வருகிற விருந்தாளிதான். நான் துடைப்பத்தை எடுத்தேன். பின்னால் எப்போது வந்து நின்றாளோ தெரியாது, விடுங்க, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்றாள். நான் துடைப்பத்தைக் கீழே போட்டேன்.

மறுநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் வாசற்படியில் நின்று சுவரை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏங்க, அது எங்க போச்சு?"

ஐந்து மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. வாயில் நுரையோடு நான் பக்கெட்டுக்குப் பின்னால், ஜன்னல் மேல், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் எல்லாம் தேடினேன். ஜன்னல் கம்பிக்கும் சுவருக்கும் இடையில் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. காட்டினேன். அவள் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டேன்.

நாலைந்து நாளில் ஒன்று மூன்றாயிற்று. சாயங்காலம் லைட் போட்டதும் ஈசலும் பூச்சியும் வரும், அவற்றைப் பிடிக்க மூன்றும் சுவரில் இறங்கும். அவள் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து பார்ப்பாள். குளிக்கும்போது தண்ணீரைச் சத்தமில்லாமல் மொள்ளுவாள். ஒருநாள் தானாகவே தலைவாரிக்கொண்டாள். டாக்டரின் மாத்திரையும் அப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்திருக்கலாம், எனக்குத் தெரியாது. நான் எல்லாவற்றையும் தவளைக் கணக்கில் வைத்தேன்.

என் மூளை இருக்கிறதே, அது நல்லது நடந்தால் சும்மா இருக்காது. மழை நின்றால் தவளை போய்விடும், தவளை போனால் அவள் மறுபடியும் படுத்துவிடுவாள், கார்த்திகை வந்துவிடும் என்று ஓட ஆரம்பித்தது. மழை நின்றாலும் போகாத மாதிரி ஏதாவது செய்ய வேண்டும். பின்பக்க வராந்தாவில் அந்த மூன்றடித் தொட்டி சாக்கு மூடிக் கிடந்தது, உள்ளே வெங்காயம் கொட்டி வைத்திருந்தேன்.

மகனிடம் சொன்னேன். அவன் சந்தோஷப்பட்டு வீடியோக்களாக அனுப்பித் தள்ளினான். அவற்றில் ஒன்றில் வெள்ளைத் தாடி வைத்த ஒரு வெளிநாட்டுக்காரன் மீன் தொட்டியைத் தவளை வீடாக மாற்றுவதை நிதானமாகக் காட்டினான். சோப்பு போட்டுக் கழுவாதே. குழாய்த் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்து, மருந்து வாடை போன பிறகு ஊற்று. உரம் போட்ட மண் வேண்டாம். ஒரு பக்கம் மண், ஒரு பக்கம் நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். கண்ணாடி மூடிக்குப் பதிலாக வலை. தவளை தோலால் குடிக்கிற, தோலால் மூச்சு விடுகிற ஜீவன், அதன் மேல் படுகிற எதுவும் உள்ளே போய்விடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நானும் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

அவள் கூட நின்று வேலை செய்தாள். கண்ணாடியில் படிந்திருந்த உப்புக் கறையை எலுமிச்சம்பழத் தோலால் உட்கார்ந்து தேய்த்தாள். கூழாங்கல் எடுக்க ஸ்கூட்டரில் போனோம், அவள் பின்னால் உட்கார்ந்து தோளில் கை வைத்துக்கொண்டாள். கல்லை ஏழு தண்ணீரில் கழுவினாள். கொல்லையில் பலா மரத்தடி மண்ணை நான் வெட்டினேன், அவள் சல்லடையில் சலித்து எறும்பைப் பொறுக்கினாள். பக்கத்து வீட்டில் மணி பிளான்ட் கொடி கேட்டு வாங்க அவளே போனாள். அந்த வீட்டு அம்மாள் அவள் நடந்து வந்ததைப் பார்த்துவிட்டு, காம்பவுண்டுக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோதுதான் ஒரு மூலை ஒழுகியது. மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்து கண்ணாடி ஒட்டிய பசை விட்டுப்போயிருந்தது. வெள்ளைத் தாடிக்காரன் இதற்கும் வழி சொல்லியிருந்தான். மீன் தொட்டிக்கென்றே விற்கிற சிலிக்கான் மட்டும்தான், வேறு எதையும் தொடாதே என்றான். மெயின் பஜாரில் ஒரு கடையில் கேட்டேன், கடலூரிலிருந்து வரவழைக்க நாலு நாள் ஆகும் என்றார்கள். கார்த்திகைக்கு இன்னும் ஒன்றரை வாரம்தான் இருந்தது.

ஒட்டுவதற்கு எனக்கு ஒருவன் சொல்லித் தர வேண்டுமா என்ற எண்ணமும் கூடவே வந்தது. எங்கள் செக்‌ஷன்காரன் எவன் வீட்டுக்குப் போனாலும் தேதி முடிந்து கழித்துப்போட்ட சொல்யூஷன் அரை டின்னாவது பரணில் இருக்கும். அறுந்த செருப்பு, ஓட்டை பக்கெட், ஏர்கூலர் அடித்தட்டு, எதுவானாலும் அதுதான். வாசலில் மிதியடியாகக் கிடப்பதும் பழைய பெல்ட் துண்டுதான். நான் டின்னை இறக்கினேன். பழைய பசையைச் சுரண்டி, உள்மூலை நாலிலும் சொல்யூஷன் தடவி ரப்பர் பட்டை வைத்து ஒட்டினேன். மண்ணுக்கும் தண்ணீருக்கும் நடுவில் தடுப்பாக ஒரு பெல்ட் துண்டை நிற்க வைத்து அதையும் ஒட்டினேன். சுரங்கத்தில் சில மணி நேரத்தில் பெல்ட்டை ஓட விட்டுவிடுவோம். இதற்கு ஹாலில் வைத்து இரண்டு நாள் ஃபேன் போட்டேன். தண்ணீர் நிரப்பினேன். ஒரு சொட்டு வரவில்லை.

அவள் குனிந்து பார்த்துவிட்டு, ஒரு மாதிரி வாடை அடிக்குதுங்க என்றாள். நான் தலையை உள்ளே விட்டு மூச்சை இழுத்துப் பார்த்தேன். பலா மரத்தடி மண்ணின் ஈர வாடை வந்தது, வேறொன்றும் இல்லை. மண் வாடைதான் என்றேன். அவள் சரியென்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவளைகளைக் குடியேற்றினோம். அவள் கையை நனைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொத்தி எடுத்து வந்தாள். நான் வலை போட்ட சட்டத்தை மூடி நாலு பக்கமும் கிளிப் மாட்டினேன். மூன்றும் கொஞ்ச நேரம் மணி பிளான்ட் இலையில் உட்கார்ந்திருந்தன. அவள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகனுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினோம். அம்மா நல்லா இருக்காப்பா என்று அவன் தனியாக மெசேஜ் அனுப்பினான்.

திங்கள்கிழமை எனக்கு முதல் ஷிஃப்ட். மத்தியானம் வந்தபோது மூன்றும் வலையில் தலைகீழாகத் தொற்றிக்கொண்டிருந்தன. தண்ணீருக்கும் வரவில்லை, மண்ணுக்கும் வரவில்லை. கீழே விழும், உடனே கண்ணாடியில் ஏறி வலைக்குப் போய்விடும். நான் பிடித்துப்போட்ட பூச்சிகள் அப்படியே பறந்துகொண்டிருந்தன. அவள் காலையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அதுங்களுக்குப் புடிக்கலைங்க. விட்டுடலாம்."

புது இடம், ஒரு வாரம் பிடிக்கும் என்று வீடியோவில் சொல்கிறான் என்றேன். மூடியை மட்டுமாவது திறந்து வைங்களேன், இருக்கணும்னா இருக்கட்டும் என்றாள். திறந்தால் ஓடிவிடும் என்றேன். அவள் சாயங்காலம் இன்னொரு தரம் கேட்டாள். படுக்கப் போகுமுன் மூன்றாம் தரம் கேட்டாள். ஐந்து மாதம் எதையுமே கேட்காதவள் ஒரே நாளில் ஒரே விஷயத்தை மூன்று முறை கேட்கிறாள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு உறைக்க வேண்டாமா? எனக்கு உறைத்ததெல்லாம் தவளை போனால் இவள் படுத்துவிடுவாள் என்பதுதான். கொஞ்சம் பொறு, எல்லாம் பழகிடும், நான் சொல்றேன் இல்ல என்று அதட்டலாகவே சொன்னேன். அவள் போய்ப் படுத்தாள்.

செவ்வாய்க்கிழமை ஷிஃப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது. அவள் தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். கிளிப்புகள் மாட்டியபடியே இருந்தன. இரண்டு தவளைகள் மண்ணில் மல்லாந்து கிடந்தன, பின்னங்கால்கள் நீட்டிக்கொண்டு. மூன்றாவது தண்ணீர் ஓரத்தில் கிடந்தது, தொண்டை மட்டும் எப்போதோ ஒருதரம் துடித்தது. நான் கிளிப்பைப் பிய்த்து எறிந்து அதை எடுத்து, ஒருநாள் திறந்து வைத்த தண்ணீரில் கழுவி, ஈரத் துணியில் வைத்தேன். என் கையிலேயே அதன் தொண்டை நின்றது. அதன் தோல் மெல்லிய சவ்வாக உரிந்து என் விரலில் ஒட்டியிருந்தது.

எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று கேட்டேன். காலையில் நீங்கள் போனதிலிருந்து என்றாள். ஒன்று விழுந்ததைப் பார்த்தாளாம். அடுத்தது விழுந்ததையும் பார்த்தாளாம். நீ ஏன் திறக்கவில்லை என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நானே தொறந்திருக்கலாம். நீங்க வேணாம்னீங்க, கோவிச்சுக்குவீங்கன்னு நீங்க வர்ற வரைக்கும் உக்காந்துக்கினு இருந்தன்."

ஆறு மணியிலிருந்து இரண்டரை மணி வரைக்கும். எட்டரை மணி நேரம் அவள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவளுக்கு அப்போது எப்படி இருந்திருக்கும் என்று என்னால் யோசிக்கக்கூட முடியவில்லை. யோசிக்க ஆரம்பித்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

பலா மரத்தடியில், மண் வெட்டிய அதே பள்ளத்தில் மூன்றையும் போட்டு மூடினேன். உள்ளே வந்தால் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். சித்திரைக்குப் பிறகு அவள் தானாக யாருக்கும் போன் போட்டதில்லை. அண்ணனுக்குப் போட்டிருந்தாள். நாளைக்கு வந்து கூட்டிகினு போ என்று சொல்லிவிட்டு வைத்தாள். கார்த்திகைக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கே என்று நான் முட்டாள்தனமாகச் சொன்னேன். அவள் பீரோவைத் திறந்தாள்.

மறுநாள் மச்சான் வந்தார். படியேறி ஹாலுக்குள் கால் வைத்தவர் அங்கேயே நின்று மூக்கைச் சுளித்தார்.

"இன்னா மாப்ள, வூட்டுக்குள்ள பஞ்சர் கட வச்ச மாரி இம்மாம் வாடை?"

எனக்கு எந்த வாடையும் வரவில்லை. மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. இருபது வருடமாக அந்த டின்களுக்கு நடுவில் நின்ற மூக்கு இது. சாப்பாட்டு டப்பாவில், சட்டையில், தலைமுடியில் எல்லாம் அதுதான் இருந்திருக்கும். எனக்கு அது வாடையே இல்லை. வாசலில் நிற்கிற மனிதருக்கு அடிக்கிறது, அவளுக்கு முதல் நாளே அடித்திருக்கிறது, சொல்லியிருக்கிறாள். தோலால் மூச்சு விடுகிற ஜீவன்களை நான் சொல்யூஷனுக்குள் வைத்துக் கிளிப் மாட்டியிருக்கிறேன். தண்ணீரின் மருந்துக்கு ஒருநாள் பொறுத்தவன், மண்ணில் எறும்பு பொறுக்க வைத்தவன், சோப்பைத் தொடாதவன். ஜாயின்ட் மட்டும் நன்றாகத்தான் இருந்தது. தொட்டி இன்னும் ஒழுகவில்லை.

மச்சான் தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தேரையப் போயி யாருனா வூட்டுல வச்சி வளப்பாங்களா என்று முணுமுணுத்தார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

அவள் கிளம்பியதைச் சொல்ல வேண்டும். புடவைகளை ஒவ்வொன்றாக உதறி மடித்தாள். உள்பாவாடை, ஜாக்கெட், துண்டு எல்லாம் தனித்தனியாக அடுக்கினாள். மாத்திரை அட்டைகளைக் காலை வேளைக்குத் தனி, ராத்திரிக்குத் தனி என்று பிரித்து ரப்பர் பேண்ட் போட்டாள். தலை வாரிப் பின்னிக்கொண்டாள். குளித்துச் சுத்தமாகப் புடவை கட்டி நின்றாள். மாதக்கணக்காக நான் பார்க்கத் தவம் கிடந்த காட்சி அது. யாரும் கையைப் பிடிக்காமல் அவள் நடமாடுகிறாள், முடிவெடுக்கிறாள், பையைத் தூக்குகிறாள். எல்லாம் இந்த வீட்டை விட்டுப் போவதற்காக.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனேன். மச்சான் கொஞ்சம் முன்னால் போய் நின்றுகொண்டார். திட்டிவிட்டாவது போ என்றேன் அவளிடம். கெஞ்சுகிற குரலில்தான் கேட்டேன். அவள் பையைக் கீழே வைத்தாள்.

"உங்க மேல கோவம் இல்லைங்க. நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க. இங்க இருந்தா எதுன்னாலும் உங்களக் கேட்டுக்கினே இருக்கணும். என்னால முடியல."

எப்போது வருவாய் என்று கேட்டேன். தெரியலைங்க என்றாள். பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவள் கையாட்டவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

அதற்குப் பிறகு போன் செய்தால் பெரும்பாலும் மச்சான்தான் எடுக்கிறார். சாப்பிடறா மாப்ள, தூங்கறா, நேத்து களத்துப் பக்கம் வந்தா என்று சொல்கிறார். கேட்டுவிட்டு, சந்தோஷம் மச்சான் என்று வைத்துவிடுகிறேன். சந்தோஷமாக இல்லை. அங்கே போய் அவள் தேறுகிறாள் என்று ஒவ்வொரு தரம் கேட்கும்போதும் எனக்குள்ளே ஏதோ ஒன்று விழுகிறது. இவ்வளவு கேவலமானவனா நான் என்று வெட்கமாக இருக்கிறது, ஆனால் அது விழாமல் இருப்பதில்லை. மகன் என்னிடம் ஜாக்கிரதையாகப் பேசுகிறான். காரணம் நான்தான் என்று அவனும் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டான் என்று நினைக்கிறேன்.

மார்கழிக் கடைசியில் மாத்திரை தீர்ந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் வாங்கிக்கொண்டு, வார லீவில் சேத்தியாத்தோப்புக்குப் பஸ் ஏறினேன். சொல்லாமல் போனேன். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். இனிமேல் எதுவும் என்னைக் கேட்க வேண்டாம், உன் இஷ்டம்போல இரு, வந்தால் போதும் என்று சொல்வதாக இருந்தேன்.

காலைச் சந்தை நேரம், கடைத்தெருவில் நல்ல கூட்டம். இறங்கி நின்றதுமே எதிர்ப்பக்கம் அவளைப் பார்த்துவிட்டேன். காய்கறிக் கடை முன்னால் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், முகத்தில் எண்ணெய்ப் பளபளப்பு. கத்தரிக்காயை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். கடைக்காரர் ஏதோ சொன்னார். அவள் நிமிர்ந்து, சாலைக்கு இந்தப் பக்கம் வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"இன்னாங்க, மேலால நல்லதா வச்சிக்கினு அடியில பூரா சொத்தையா போட்டிருக்கீங்க? எனக்கு இது வேணாம்."

கடைக்காரர் சிரித்தார். பக்கத்தில் நின்ற பெண் ஏதோ சொல்ல, அவளும் சிரித்தாள். நான் பஸ் நின்ற இடத்திலேயே நின்றேன். ஒரு லாரி குறுக்கே போனது, மறுபடியும் அவள் தெரிந்தாள், இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அந்தக் குரலுக்காகத்தான் நான் அத்தனை மாதம் தலைகீழாக நின்றேன். இப்போது சாலையைக் கடந்து நான் எதிரே போய் நின்றால் அது நின்றுவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மச்சான் வழக்கமாகப் போகிற உரக்கடையில் மாத்திரைப் பையைக் கொடுத்து, அவரிடம் சேர்த்துவிடச் சொன்னேன். யார் கொடுத்ததாகச் சொல்வது என்று கேட்டார்கள். அவருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, வடலூர் போகிற பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.